ஆயிரத்தில் பார்த்துக்கொள்ளலாம்

மலைக்கும் கடலுக்கும் நடுவே வேங்கைநாடு என்றொரு நாடு இருக்கிறது. அங்கே இப்போது 999-ஆம் ஆண்டு. நான் சொல்லப்போகும் கதை நடந்ததும் 999-ஆம் ஆண்டில்தான். நடுவில் பதினாறு மழைக்காலங்கள் போயிருக்கின்றன. கணக்கு உதைக்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். கதை முடிவதற்குள் சரியாகிவிடும். இல்லாவிட்டால் எங்களுக்குப் பழகியதுபோல உங்களுக்கும் பழகிவிடும்.

எங்கள் மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் ஆயிரமாவது ஆண்டுக்குத் தள்ளிவைப்பார்கள். முன்னொரு அரசர், ஆற்றுக்குப் பாலம் கேட்டு வந்தவர்களிடம், "ஆயிரத்தில் தங்கத்திலேயே கட்டித் தருகிறேன்" என்றாராம். வந்தவர்கள் மகிழ்ந்துபோய் ஆற்றை நீந்திக் கடந்து வீடு திரும்பினார்களாம். அன்று பிடித்த நோய். பிள்ளை பொம்மை கேட்டால் ஆயிரத்தில் பார்த்துக்கொள்ளலாம். பல் வலித்தால் ஆயிரத்தில் பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடமாகப் பேசாத அண்ணன் தம்பிகளை ஊரார் சேர்த்துவைக்கப் போனால், இருவரும் ஒரே குரலில், ஆயிரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஆயிரம் எப்படி இருக்கும் என்பதில் ஆளுக்கொரு எண்ணம். உப்பளத்துக்காரர்கள் அப்போது வெயில் சுடாது என்றார்கள். கோனார்கள், மாடு கேட்ட நேரமெல்லாம் பால் கறக்கும் என்றார்கள். மாமியார்கள் ஒரு விதமாகவும் மருமகள்கள் வேறு விதமாகவும் எதிர்பார்த்தார்கள். தேர்தல் வந்தால் ஒரு கட்சி, பொற்காலம் கிழக்கிலிருந்து வரும் என்றது. மற்றது மேற்கிலிருந்து என்றது. மண்டைகள் உடைந்தன. இப்போதைய மாமன்னர், "எல்லாத் திசையிலிருந்தும் வரும்" என்று ஒரே வரியில் சொல்லி அரியணையைப் பிடித்தார். அறிவாளிதான், அதை மறுக்கவில்லை.

998-இல் முதல் ஆணை வந்தது. அதன் பெயர் பழுதுபார்ப்புத் தடைச் சட்டம். வருங்காலத் துறை அமைச்சர் திருவேங்கடராயர் அதை விளக்கினார்: "ஆயிரத்தில் அனைத்தும் புதிதாகிவிடும். அப்படியிருக்க ஒருவன் கூரை ஓட்டை மாற்றுகிறான் என்றால் என்ன பொருள்? ஆயிரத்தை அவன் நம்பவில்லை என்று பொருள். அவநம்பிக்கையை அரசு பொறுத்துக்கொள்ளாது." கொத்தனாரின் கரண்டி, தச்சரின் உளி, செருப்புத் தைக்கிற ஊசி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவில் ஒருவர் அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி வெறுங்காலில் நடந்தார். காவலர் அவரை நிறுத்திப் பாராட்டினார்.

இரண்டாம் ஆணைப்படி, ஒவ்வொரு குடும்பமும் ஆயிரத்தைப் பற்றிய தன் கனவை எழுதி மனுவாகக் கொடுக்க வேண்டும். மூன்றாம் ஆணை உடைந்தவற்றைப் பற்றியது. பழுதுபார்க்கவும் கூடாது, பார்வைக்கும் நன்றாயில்லை என்பதால், உடைந்த ஒவ்வொன்றின் மேலும் அது ஆயிரத்தில் எப்படியிருக்கும் என்று வரைந்த துணித்திரையைக் கட்ட வேண்டும். இடிந்த பள்ளிக்கூடத்தின் மேல் பளிங்குப் பள்ளிக்கூடம் தொங்கியது. பிள்ளைகள் அதற்கு முன்னால் வெயிலில் உட்கார்ந்து படித்தார்கள்.

அந்தத் திரைகளை வரைந்தவர்களில் நானும் ஒருவன். மறைத்து என்ன ஆகப்போகிறது. நாடே வேலையில்லாமல் இருந்தபோது சித்திரக்காரர்களுக்கு மட்டும் மூச்சுவிட நேரமில்லை.

ஆவுடையை நான் முதலில் பார்த்தது கனவு அலுவலகத்தில். 999, ஐப்பசி மாதம். நான் சாயம் வாங்க வரிசையில் நின்றேன். அவள் பெரியேரிக்கு மடைக்காவல். ஏரியின் கரையையும் மதகையும் பார்த்துக்கொள்கிற வேலை அது. அவள் மனுவைக் கனவுக் கண்காணிப்பாளர் நல்லபெருமாள் இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"ஆயிரத்தில் நீ காண விரும்புவது யாது என்ற இடத்தில், 'பெரியேரிக் கரையில தெக்கு ஓரம் வெடிப்பு விட்டிருக்கு, அதை அடைக்கணும்' என்று எழுதியிருக்கிறாய். இது கனவா, அம்மா?"

"எனக்கு அதுதாங்கய்யா கனவுல வருது."

"பளிங்கு மாளிகை வரவில்லையா? பறக்கும் பல்லக்கு?"

"பல்லக்கு வந்தா ஏறிக்கிடுதேன். இப்ப வெடிப்புல கலங்கத் தண்ணி கசியுது. தெளிஞ்ச தண்ணி கசிஞ்சா பயமில்லை. கலங்கலா வந்தா கரை உள்ளுக்குள்ளயே கரையுதுன்னு அர்த்தம். கரைக்குக் கீழ பள்ளத்தெருவுல நூத்திருபது வீடு இருக்கு. என் மக கோமு அங்கதான் ஏழு மாசப் புள்ளத்தாச்சியா இருக்கா. பத்து வண்டி களிமண்ணும் நாலு ஆளும் குடுங்க, போதும்."

நல்லபெருமாள் தொண்டையைச் செருமினார். "கரை உடையும் என்கிறாய். ஆயிரம் பிறக்க இன்னும் எழுபத்தெட்டு நாள். அதற்குள் உடையும் என்றால் மாமன்னரின் ஆட்சியில் குறை காண்கிறாய். அதற்குப் பின் உடையும் என்றால் பொற்காலத்திலேயே குறை காண்கிறாய். இரண்டில் எந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாய்?"

ஆவுடை சற்று யோசித்தாள். "கரை என்கிட்ட நாள் சொல்லிட்டு உடையாதுங்கய்யா."

"மனு தள்ளப்படுகிறது. எனினும் அரசு கருணை உள்ளது. அந்த வெடிப்பை நாலு பேர் பார்ப்பது நல்லதல்ல. திரை கட்ட ஆள் அனுப்புகிறோம்" என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

அறுபது முழத் துணி. கரையின் வெளிச்சரிவில் அதை விரித்துக் கட்டி, கருங்கல் கரையும் அதன் நடுவே ஆயிரத்தின் மாமன்னர் இரண்டு ஆள் உயரத்தில் கை நீட்டி நிற்பதுமாக வரையத் தொடங்கினேன். ஆவுடை கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, ராசாவுக்கு வெள்ளை வேட்டியாப் போடுங்க."

"பட்டுப் பீதாம்பரம் என்று உத்தரவு."

"வெள்ளைன்னாத்தான் ஈரம் தெரியும். வெடிப்பு ராசாவுக்கு நேர் பின்னாலதான் இருக்கு. ஈரம் முழங்காலுக்கு ஏறிச்சுன்னா நான் உசாராயிருவேன். இடுப்புக்கு ஏறிட்டா கலிங்குப் பலகையை எடுத்தே ஆகணும்."

நான் வெள்ளை வேட்டியே உடுத்திவிட்டேன். திறந்துவைக்க வந்த அமைச்சர், மாமன்னரின் எளிமையைச் சித்திரம் சரியாகப் பிடித்திருக்கிறது என்று எனக்குச் சால்வை போர்த்தினார்.

கலிங்கு என்பது ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வெளியே போகிற வழி. பெரியேரியின் கலிங்கை ஏழு பலகைகள் அடைத்திருக்கும். எடுத்துவிட்டால் தண்ணீர் ஓடையில் இறங்கி ஆற்றுக்குப் போய்விடும். ஆனால் அந்த ஓடை வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும். அமைச்சர் அதைக் கோடையில் வந்து பார்த்தார். "இத்தனை அகலமான சமதளத்தை யாரும் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறார்களே" என்று வருந்தினார். பொற்காலத்தை வரவேற்க மாமன்னர் நிற்கப்போகும் ஆயிரவாசல் மண்டபத்தை ஓடையின் நட்டநடுவில் கட்டினார்கள். ஏழு பலகைகளுக்கும் அரக்கு முத்திரை வைத்தார்கள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. திரையில் மாமன்னரின் பாதம் நனைந்தது, பிறகு கணுக்கால். ஆவுடை விடிந்ததும் கூடையில் களிமண் சுமந்துபோய்த் திரைக்குப் பின்னால் வெடிப்பில் அடைத்தாள். நான்காம் நாள் பிடிபட்டாள். கூடையையும் மண்வெட்டியையும் பறிமுதல் செய்து, எச்சரித்து அனுப்பினார்கள்.

மார்கழியில் ஈரம் முழங்காலைத் தொட்டது. நல்லபெருமாள் ஓடிவந்தார்.

"மாமன்னரின் வேட்டி நனைந்திருக்கிறது. அதுவும் இந்த இடத்தில். மக்கள் என்ன நினைப்பார்கள்?"

"கரை கசிகிறது, ஐயா."

"நான் கரையைப் பற்றிக் கேட்கவில்லை. சித்திரத்தைப் பழுதுபார்ப்பது குற்றமல்ல, கடமை. மாமன்னர் தாமரைக் குளத்தில் நிற்பதாக மாற்றிவிடு."

மார்பு வரைக்கும் தாமரை வரைந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான தாமரைகளை நான் வரைந்ததில்லை. ஊரே வந்து பார்த்தது. சாயங்காலம் ஆவுடை வந்தாள். திரையை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் அளவை அழிச்சிட்டீங்களே அண்ணாச்சி" என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இனிமே தடவித்தான் பாக்கணும்."

மார்கழி கடைசி நாள். மறுநாள் தை பிறந்தால் ஆயிரம். அன்று சூரியன் உச்சிக்கு வரும்போதே மாமன்னர் ஆயிரவாசலில் நின்று பொற்காலத்தை வரவேற்பதாக ஏற்பாடு. விடியும் முன்பிருந்தே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கோமுவுக்கு வலி எடுத்துவிட்டது, இனி அவளை எங்கேயும் நகர்த்தக் கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். ஆவுடை கரைக்கு வந்து தாமரைகளின் மேல் உள்ளங்கையை வைத்தாள். இடுப்பு ஈரம். மார்பிலும் ஈரம். கையைத் திருப்பிப் பார்த்தாள். செம்மண் ஒட்டியிருந்தது.

அவள் மண்டபத்துக்கு ஓடினாள். தங்கக் காகிதம் ஒட்டுவதை மேற்பார்வையிட நானும் அங்கே இருந்தேன்.

"பலகையை எடுக்க உத்தரவு குடுங்கய்யா. கரை நிக்காது."

நல்லபெருமாள் பட்டுத்துணியால் நெற்றியைத் துடைத்தார். "ஒரு பொழுது பொறு. பொற்காலம் பிறந்ததும் கரை தானாகவே புதிதாகிவிடும்."

"ஆகலைன்னா?"

"அந்தச் சொல் என் காதில் விழவில்லை."

ஆவுடை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். பிறகு பக்கத்துவீட்டுக்காரரிடம் சொல்வதைப்போல நிதானமாகச் சொன்னாள்: "உங்க ஆளுகளை மேட்டுல ஏறச் சொல்லுங்க. ஒவ்வொண்ணாத்தான் எடுப்பேன். ஓடுததுக்கு நேரம் இருக்கும்."

அவள் முத்திரையை உடைத்து முதல் பலகையைத் தூக்கினாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க வேண்டுமானால் மேலே ஏறி மழையில் நனைய வேண்டும். நானும் உதவவில்லை. கையில் பசைக் கிண்ணம் இருந்தது, அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம், வேறொன்றுமில்லை.

இரண்டாவது பலகைக்கு மண்டபத்தின் கம்பளம் மிதந்தது. நாலாவதுக்குச் சிம்மாசனம் கிளம்பியது. பல்லக்கில் வந்துகொண்டிருந்த மாமன்னரை அமைச்சர் தோளில் தூக்கிக்கொண்டு மேடேறினார். ஏழாவதுக்கு ஆயிரவாசல் மெல்லச் சாய்ந்து ஓடையோடு போயிற்று. ஓர் உயிர்கூடப் போகவில்லை. உச்சிவேளையில் திரையின் ஈரம் முழங்காலுக்கு இறங்கியபோது பள்ளத்தெருவில் கோமுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் அரண்மனைக்குப் பெரிய சிக்கல். தை பிறந்துவிட்டது, பொற்காலத்தைக் காணோம், வாசல் சேற்றில் கிடக்கிறது. அமைச்சர் ஒரே தாளில் இரண்டு ஆணைகளை எழுதி வாசித்தார். "பொற்காலம் பிறக்கவில்லை. ஆகவே ஆயிரமாவது ஆண்டும் பிறக்கவில்லை. 999 தொடரும். இதற்குக் காரணமான மடைக்காவல் ஆவுடை, ஆயிரமாவது ஆண்டு பிறக்கும்வரை சிறையில் இருப்பாள்."

பள்ளத்தெருக்காரர்களாவது அவளுக்காகப் பேசியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். கரைதான் உடையவில்லையே. உடையாத கரையைக் காட்டி யாரிடம் எதை நிரூபிப்பது? "பொம்பளை அவசரப்பட்டுட்டா. ஒரு பொழுது பொறுத்திருந்தா இந்நேரம் பளிங்கு வீட்டுல இருந்திருப்போம்" என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். அடுத்த திரைக்குச் சாயம் கரைத்தபடி நானும் அதைக் கேட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்கழியிலும் ஏதோ ஒரு குறை வந்தது. ஒரு முறை எதிர்க்கட்சி கண்ணு வைத்துவிட்டது என்றார்கள். ஒரு முறை மக்களின் கனவுகள் தரமாக இல்லை என்றார்கள். ஆண்டு மட்டும் 999-ஐத் தாண்டவில்லை. கோமுவின் மகள் வளர்ந்து, தாவணி கட்டி, அம்மாவைவிட அரைச் சாண் உயரமாகிவிட்டாள். ஊர்ப் பதிவேட்டில் அவளுக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை. அதனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. படிப்பைப் பள்ளிக்கூடத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டாள்.

இந்த 999-இல் நல்லபெருமாளே வருங்காலத் துறை அமைச்சர் ஆகிவிட்டார். அதே ஓடையில் புது ஆயிரவாசல் கட்டினார். தேர்தலும் நெருங்கியதால் உறுதியாகவே அறிவித்தார்: "வரும் தை முதல் நாள் ஆயிரம் பிறந்தே தீரும். ஆயிரம்வரை சிறை என்று தீர்ப்பானவர்கள் அன்று வாசலிலேயே விடுதலை ஆவார்கள்." கோமு வீட்டுக்கு வெள்ளையடிக்க முடியாமல், சட்டம் அப்படி, தரையை மட்டும் மூன்று தடவை மெழுகினாள். என்னைத் தெருவில் நிறுத்தி, "அண்ணாச்சி, அம்மா வந்துருவால்ல?" என்று கேட்டாள். வந்துவிடுவாள் என்றேன்.

வெடிப்பு மட்டும் அப்படியேதான் இருந்தது. திரைதான் வருடாவருடம் புதிது. இந்த முறை நான் தாமரை வரையவில்லை. வெள்ளை வேட்டிதான். மார்கழி இருபத்தைந்தாம் தேதி ஈரம் இடுப்புக்கு ஏறியது. தடவிப் பார்த்தேன். சிறைச்சுவரில் பொற்காலம் வரைய எனக்கு உத்தரவு இருந்ததால் நேராக அங்கே போனேன்.

ஆவுடைக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கம்பிக்குப் பின்னால் நின்று, வாங்க என்றுகூடச் சொல்லாமல் கேட்டாள்: "ஈரம் எதுவரைக்கும் ஏறியிருக்கு?"

வழியெல்லாம் பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். "கணுக்கால்தான்."

"உள்ளங்கையில செம்மண் இருக்கே அண்ணாச்சி."

கையை மறைக்கப் பார்த்தேன். இந்த வயதில் என்ன வெட்கம். "இடுப்பு" என்றேன். "கலங்கல்தான் வருது."

"அப்ப பலகையை எடுக்கணும்."

"இன்னும் நாலு நாள், ஆவுடை. நாலே நாள். பலகையை எடுத்தா வாசல் போயிரும். ஆயிரம் பிறக்கலைன்னு மறுபடி எழுதிருவாங்க. நீ உள்ளயே கிடக்கணும். கோமு உனக்காக வீடு மெழுகி வச்சிருக்கா."

"எந்த வீடு?"

"பள்ளத்தெரு வீடுதான்."

"பொறவு என்ன பேச்சு" என்றாள். "மூணாவது பலகை இறுகிக்கிடக்கும். இழுக்காதீங்க. இடது ஓரத்துல ரெண்டு தட்டு தட்டுனா வந்துரும். கீழ ஆளு இருக்கான்னு பாத்துக்கிட்டு எடுங்க."

"நீ என்ன செய்வே?"

பதினாறு வருடத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"என்னைய ஆயிரத்துல பாத்துக்கலாம்."

மூன்றாவது பலகை இறுகித்தான் கிடந்தது. இடது ஓரத்தில் தட்டினேன்.

இதை எழுதுவது 999-ஆம் ஆண்டு, தை மாதம். எனக்கும் அதே தீர்ப்புதான், ஆயிரம் பிறக்கும்வரை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆவுடை இருக்கிறாள். கரையில் புதுத் திரை கட்டிவிட்டார்களாம். வேட்டிக்கு என்ன நிறம் போட்டிருக்கிறார்கள் என்று நேற்றிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டாள். எனக்குத் தெரியவில்லை. கோமுவின் மகள் செவ்வாய்க்கிழமை பார்க்க வருகிறாள், கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.